ஓரெழுத்தின் பொருட்டு

ஆங்கில வினைச்சொல்லின் ஈற்றில் வரும் ‘எஸ்’ என்னும் எழுத்து விந்தையானது. நிற்க வேண்டிய இடத்தில் அது நின்றால் எவரும் அதனைக் கவனிப்பதில்லை; விடுபட்டால் எல்லாரும் கவனிக்கின்றனர். ‘ஹி கோஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஹி கோ’ என்று ஒரு மாணவன் சொல்லிவிட்டால் பொருள் கெட்டுவிடுவதில்லை. போகிறவன் யார் என்பதில் கேட்பவருக்கு ஐயம் எழுவதும் இல்லை. ஆயினும், சொன்னவன் ஆங்கிலம் அறியாதவன் என்னும் முத்திரை அந்நொடியிலேயே அவன்மீது விழுந்துவிடுகிறது. தேர்வுத்தாளோடு அது நின்றுவிடுவதும் இல்லை. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும், நேர்முகத் தேர்விலும், பட்டணத்து அலுவலகங்களிலும் அவனைத் தொடர்ந்து செல்கிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், அதற்கு வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும் உள்ள தோட்டப்புறங்களில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய ஆண்டுகளில், இம்முத்திரை பதிந்த பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். சிறிய பள்ளிகளில் ஓராசிரியரே பல பாடங்களை ஏற்க வேண்டியிருந்தமையால், ஆங்கில வகுப்பும் சில ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. தமிழாசிரியன் ஒருவன் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். எழுவாய்க்கு ஏற்ற பயனிலை எது என்னும் சிக்கலை ஆராய்ந்து முறைப்படுத்திய இலக்கணம் நம்முடையது. அதனை நன்கு கற்பிக்கும் ஆசிரியரே ஆங்கிலத்திற்கும் வழிகாட்ட வல்லவர் என்பது என் விடை.

முதலில் இவ்வட்டாரத்தின் நிலையைச் சிறிது சொல்லுதல் வேண்டும். இப்போது பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்துள்ள தெனமாரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டில், ஆன்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். இந்நாட்டில் செம்பனை வணிகப் பயிரானது அங்கேதான். ‘தென்னைமரம்’ என்னும் தமிழ்ச்சொல்லே அத்தோட்டத்தின் பெயராயிற்று என்பர். பெயர் தமிழாயினும், அதனைத் தாங்கிய கணக்கேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. துரையின் மொழி ஆங்கிலம். கிராணியின் எழுதுகோலில் வாழ்ந்த மொழியும் அதுவே. பிரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்களுக்கு அது எட்டாத மொழியாகவே இருந்தது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டிய கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தமிழில் எழுத்தறிவு தந்தன. ஆங்கிலம் கற்க வேண்டுமாயின் பட்டணத்துக்குச் செல்ல வேண்டும். கட்டணமும் செலுத்த வேண்டும். விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1970 முதல் ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. வீட்டிலும் தொடக்கப்பள்ளியிலும் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், இரண்டிலும் ஒரு பாடமாக ஆங்கிலம் என்பது தோட்டத்துப் பிள்ளையின் கல்விப் பாதையாயிற்று. 2003-ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின; 2009-இல் அக்கொள்கை கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டது. 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. கொள்கைகள் இவ்வாறு வந்தும் போயும் இருக்க, ‘ஹி கோ’ மட்டும் மாறாமல் நிலைத்திருக்கிறது.

இதற்குக் காரணம் கூறுவோர் பலர், ‘தமிழ்ப்பள்ளியில் படித்ததால் வந்த குறை’ என்று எளிதில் முடித்துவிடுகின்றனர். அதனை உண்மையென நம்பிப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றியதும் உண்டு. 1957-இல் 800-க்கு மேற்பட்டிருந்த இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேலாகக் குறைந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். அவற்றை நம்மால் தடுக்க இயலவில்லை. ஆனால், தமிழ் கற்றால் ஆங்கிலம் வராது என்னும் எண்ணத்தை நம்மால் தடுக்க இயலும். ஆகையால் அவ்வெண்ணம் உண்மையா என்பதை ஆராய்ந்து பார்த்தல் நம் கடமை.

தோட்டத்துப் பிள்ளையின் நாவில் புழங்கும் மூன்று மொழிகளையும் ஒரு கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். நான் போகிறேன், நாங்கள் போகிறோம், நீ போகிறாய், நீங்கள் போகிறீர்கள், அவன் போகிறான், அவள் போகிறாள், அவர் போகிறார், அவர்கள் போகிறார்கள், அது போகிறது, அவை போகின்றன. தமிழில் பத்து வடிவங்கள். மலாயில் ‘சாயா பெர்கி’, ‘டியா பெர்கி’, ‘மெரேகா பெர்கி’, நான் போனாலும் அவன் போனாலும் அவர்கள் போனாலும் ‘பெர்கி’ என்பது மாறுவதில்லை, ஒரே வடிவம். ஆங்கிலத்திலோ ‘கோ’, ‘கோஸ்’ என இரண்டு வடிவங்கள். அதுவும் நிகழ்காலத்தில் மட்டுமே. இறந்தகாலத்தில் ‘வென்ட்’ என்னும் ஒன்றே எல்லார்க்கும் போதும். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்னும் ஒரு வினையே சற்று விரிந்த விலக்கு.

பத்து வடிவங்களை ஐந்து வயதிலேயே, எவரும் சொல்லித் தராமல், பிழையின்றிப் பேசத் தொடங்கிய குழந்தைக்கு இரண்டு வடிவங்கள் ஏன் கடினமாக வேண்டும்? இவ்வினாவை நான் ஒவ்வோராண்டும் என் மாணாக்கரிடம் கேட்பதுண்டு. பலகையைப் பார்த்து அவர்கள் எண்ணுவார்கள். பத்து, ஒன்று, இரண்டு. எண்ணியபின் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். தாம் பெரியதொன்றை முன்னரே கைவசம் வைத்திருக்கிறோம் என்பதை உணர்ந்த சிரிப்பு அது. அதற்குப் பிறகே பாடம் தொடங்கும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைக் கிளவியாக்கம் என்னும் இயலோடு தொடங்குகிறார். உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டைச் சொல்லி, ஐம்பாலுக்கும் உரிய வினையீறுகளை வகுத்து, பெயரால் அறியப்படும் பாலும் வினையால் அறியப்படும் பாலும் தம்முள் மயங்குதல் கூடாது என்று அவர் விதிக்கிறார். சொல்லிலக்கணத்தின் வாயிலிலேயே இயைபு நிற்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். பின் வந்த நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்தார். ஆங்கிலத்தில் ‘ஹி கோ’ என்பது நம் கணக்கில் என்ன வழு? தன்மைக்கும் முன்னிலைக்கும் உரிய வினையைப் படர்க்கைக்குக் கொடுத்ததால் அது இடவழு. பன்மைக்கு உரியதை ஒருமைக்குக் கொடுத்ததால் எண்ணைப் பற்றிய வழுவும் ஆகும். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இப்பெயர்களைச் சொன்னால் விளங்கும். ‘இவ்விடத்தில் எஸ் போடு’ என்னும் ஆணை வழங்காத விளக்கத்தை இப்பெயர்கள் வழங்குகின்றன.

அன்றியும், ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம் மொழியைப் போல ஈறுகள் நிறைந்ததாகவே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் தன்மைக்கு ஓர் ஈறு, முன்னிலைக்கு ஓர் ஈறு, படர்க்கைக்கு ஓர் ஈறு என இருந்தன. 1611-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் ‘ஹி கோஸ்’ என்று இராது. ‘ஹி கோஎத்’ என்றே இருக்கும். ‘நீ’ என்பதற்கு ‘தௌ’ என்னும் சொல்லும், அதற்கெனத் தனி வினையீறும் வழங்கின. காலப்போக்கில் ஒவ்வோர் ஈறாக உதிர்ந்தது. நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் மட்டும் ‘எஸ்’ எஞ்சி நின்றது. நம் அண்டை மொழியாகிய மலையாளத்திலும் இத்தகைய தேய்வு நிகழ்ந்தது. ‘ஞான் வந்நு’, ‘அவன் வந்நு’ என இடமும் பாலும் காட்டும் ஈறுகளை அம்மொழி விட்டுவிட்டது. ஆகவே ஈறுகள் இருப்பதால் ஒரு மொழி உயர்ந்ததும் அன்று. இல்லாமையால் தாழ்ந்ததும் அன்று. ஆனால் ஈறுகளைப் போற்றி வைத்திருக்கும் மொழியைப் பேசும் பிள்ளை, எஞ்சிய ஓர் ஈற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் பிழை ஏன் நேர்கிறது? தமிழ் எல்லா இடத்திலும் துணை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் தமிழின் வழக்கு பிள்ளையை வேறு பக்கம் இழுக்கிறது. அவ்விடங்கள் எவை என்று ஆசிரியர் அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கோலசிலாங்கூரில் நான் கண்ட ஏடுகளைக் கொண்டு அவற்றை இங்கே எடுத்துரைக்கிறேன்.

ஒரு மாணவன் தன் தந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘மை ஃபாதர் கோ டு வொர்க்’ என்று எழுதியிருந்தான். அதே பக்கத்தில் தன் தம்பியைப் பற்றி ‘மை பிரதர் கோஸ் டு ஸ்கூல்’ என்று பிழையின்றி எழுதியிருந்தான். விதி தெரியாதவன் என்று அவனைச் சொல்ல இயலாது. ஏன் இப்படி என்று கேட்டேன். சிறிது நேரம் தயங்கிவிட்டுச் சொன்னான்: “ஹி கோஸ்னா ‘அவன் போகிறான்’னுதானே ஐயா எழுதிப் போட்டிருக்கு? அப்பாவைப் போயி ‘போகிறான்’னு எப்படி ஐயா சொல்றது?”

அவ்விடை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவனுடைய பாடநூற்குறிப்பில் ‘ஹி கோஸ்’ என்பதற்கு நேரே ‘அவன் போகிறான்’ என்று மட்டுமே இருந்தது. தந்தைக்கு மரியாதை குறையக்கூடாது என்று கருதிய பிள்ளை, ‘தே கோ’ என்னும் பன்மை வினையைத் தந்தைக்கு உரியதாக்கிக்கொண்டான். தமிழ் மரபின்படி அவன் செய்தது சரியே. ஒருவரைப் பன்மையாற் கூறுதலை உயர்வு பற்றிய வழுவமைதி என நம் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அன்று அவனிடம் நான் சொன்னது இதுதான்: “தம்பி, ஆங்கிலத்தில் மரியாதை வினையில் இல்லை. அரசரையும் ‘ஹி கோஸ்’ என்றே சொல்வார்கள். ‘அவர் போகிறார்’ என்பதற்கும் அதுவே ஆங்கிலம்.” அன்று முதல் என் பலகையில் ‘ஹி’ என்பதற்கு நேரே ‘அவன், அவர்’ என்னும் இரண்டும் இடம்பெற்றன.

இதனோடு மற்றொன்றையும் அவர்களுக்குச் சொல்வதுண்டு. ‘யூ ஆர்’ என ஒருவனைப் பார்த்துச் சொல்கிறோமே, ‘யூ’ ஒருமையானால் ‘ஆர்’ என்னும் பன்மை எப்படி வந்தது? ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் ஒருவரை மதித்துப் பன்மையால் அழைத்தனர். நாம் ‘நீங்கள்’ என்பது போல. பின்னர் ‘நீ’ என்னும் பொருளுடைய ‘தௌ’ வழக்கு வீழ்ந்து, ‘நீங்கள்’ மட்டுமே எஞ்சியது. ஆகவே ‘யூ ஆர்’ என்பதும் ஒரு வழுவமைதியே. இதனைக் கேட்ட தமிழ்ப்பிள்ளை ‘யூ இஸ்’ என்று எழுதமாட்டான்.

இரண்டாவது இடம் பேச்சுவழக்கினால் வருவது. எழுத்துத் தமிழில் ‘மாடுகள் மேய்கின்றன’ என்பது முறை. பேச்சிலோ ‘மாடுங்க மேயுது’ என்கிறோம். அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை வழங்குவது நம் பேச்சில் வேரூன்றிவிட்டது. இதனாலேயே ‘தி கவ்ஸ் ஈட்ஸ் கிராஸ்’ என்னும் பிழை பிறக்கிறது. ஒரே மாணவரின் தமிழ்க் கட்டுரை ஏட்டையும் ஆங்கில ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் ‘நாய்கள் குரைத்தது’ என்று எழுதும் கை ஆங்கிலத்தில் ‘தி டாக்ஸ் பார்க்ஸ்’ என்று எழுதுவதைக் காணலாம். ஒன்றன்பாலையும் பலவின்பாலையும் தமிழ் வகுப்பில் செம்மையாகக் கற்பித்தால் இரண்டு ஏடுகளும் ஒருங்கே திருந்தும்.

‘எஸ்’ என்னும் எழுத்தின் இரட்டை வேடமும் இங்கே குழப்பம் விளைக்கிறது. பெயரின் ஈற்றில் வந்தால் அது பன்மை. வினையின் ஈற்றில் வந்தால் ஒருமை. ‘டாக்ஸ் பார்க்’, ‘டாக் பார்க்ஸ்’. இரண்டு இடத்திலும் ஒருசேர நிற்பது பெரும்பாலும் இல்லை; ஒன்றிடம் இருந்தால் மற்றொன்றிடம் இராது. ‘வீட்டுக்கு ஒரு குடை’ என்று சிறுவர்களுக்குச் சொல்லித் தந்தேன். பெயர் குடையை எடுத்துச் சென்றால் வினை நனைய வேண்டியதுதான். இது முழு விதி ஆகாது. தொடக்க நிலையினர்க்கு ஓர் ஊன்றுகோல்.

மூன்றாவது இடம் நுட்பமானது. ‘ஹி வான்ட்’, ‘ஷி லைக்’, ‘ஹி நோ’, ‘ஷி ஹேவ்’ என்னும் நான்கு பிழைகள், ‘ஹி ரன்’, ‘ஷி ஈட்’ என்பனவற்றைக் காட்டிலும் மிகுதியாக வருவதை ஏடுகளில் கண்டேன். காரணம் தமிழ் வாக்கியத்தில் இருக்கிறது. ‘எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவனுக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும்’. ‘எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்’. ‘எனக்குப் பிடிக்கும், அவருக்குப் பிடிக்கும்’. விரும்புகிறவரும் அறிகிறவரும் இங்கே எழுவாயாக நிற்கவில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கின்றனர். ஆகவே வினை அவர்களைப் பொறுத்து மாறுவதில்லை. மாறாத வினையையே நினைத்துப் பழகிய பிள்ளை ‘வான்ட்’ என்பதையும் மாற்றாமல் விடுகிறது. ஆங்கிலத்தில் இவர்களே எழுவாய் ஆகிவிடுகின்றனர் என்பதைச் சொல்லித் தந்தால் மட்டுமே இப்பிழை நீங்கும். ‘முடியும்’ என்பதும் இவ்வினத்தது. நற்பேறாக அதற்கு நேரான ‘கேன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் மாறுவதில்லை.

இப்பிழையால் ஒரு குடும்பத்தில் நேர்ந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். எங்கள் பள்ளியில் ஆறாண்டு படித்து முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த ஒரு பெண், ‘மை ஃபாதர் ஹேவ் எ மோட்டார்சைக்கிள்’ என்று எழுதியிருக்கிறாள். அவ்வரி வகுப்பின்முன் உரக்கப் படிக்கப்பட்டது, வகுப்பு சிரித்தது. அதன்பின் அவள் ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய அவள் தந்தை, ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார். அவருடைய கவலை அவளைப் பற்றியது மட்டுமன்று. “சார், தமிழ்ல படிச்சதுனாலதான் இப்படின்னு சொல்றாங்க. சின்னவனையாவது வேற ஸ்கூல்ல போட்டுரலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை கூறாமல், பெண்ணை அழைத்து வரச் சொன்னேன். ‘அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது’ என்னும் வரியைத் தமிழில் எழுதச் செய்து, ‘இருக்கிறது’ என்னும் வினைக்கு எழுவாய் எது என்று கேட்டேன். அவள் தயங்காமல் மோட்டார் சைக்கிளைக் காட்டினாள். “சரி, அம்மா. தமிழில் மோட்டார் சைக்கிள் எழுவாய். அப்பா வெறும் இடம். ஆங்கிலத்தில் யார் எழுவாய்?” என்றேன். சிறிது நேரம் வரியைப் பார்த்திருந்துவிட்டு, “அப்பா” என்றாள். பிறகு அவளே ‘ஹேவ்’ என்பதை அடித்து ‘ஹேஸ்’ என்று எழுதினாள். பக்கத்தில் நின்ற தந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மகள் தானே திருத்தியதை அவர் கண்டார். “தமிழ் தெரிந்ததால்தான் இவளுக்கு இது விளங்கிற்று” என்று மட்டும் சொன்னேன். இளையவன் எங்கள் பள்ளியிலேயே தொடர்ந்தான். அப்பெண் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் பரிசுகள் பெற்றாள் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. வகுப்பில் மீண்டும் பேசத் தொடங்கினாள் என்று அவள் தந்தை சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான்காவது இடம் எதிர்மறை. ‘நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை’ எனத் தமிழில் ‘இல்லை’ எவர்க்கும் பொது. ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவான சொற்களுள் ‘இல்லை’ ஒன்று என்று நன்னூலும் சொல்லும். இதனாலேயே ‘ஹி டோன்ட் கோ’ என்பது பிள்ளையின் வாயில் இயல்பாக வருகிறது. இப்பிழையைத் திருத்தும் மருந்தும் தமிழிலேயே உண்டு. ‘அவன் வரமாட்டான்’ என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். ‘வர’ என்பது மாறாமல் நிற்கிறது. ‘மாட்டான்’ என்னும் துணைவினையே ஈற்றை ஏற்கிறது. ‘டஸ் நாட் கம்’ என்பதும் இவ்வமைப்பே. ‘டஸ்’ என்னும் துணைவினை ‘எஸ்’ என்பதை வாங்கிக்கொண்டது. ‘கம்’ என்பது வெறுமையாக நின்றது. ‘வருகிறான் மாட்டான்’ என்று எவனும் சொல்வதில்லை. அவ்வாறே ‘டஸ் நாட் கம்ஸ்’ என்பதும் கூடாது. ‘மாட்டேன், மாட்டாய், மாட்டான்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இதனை விளக்கக் கால்மணி நேரம் போதும்.

ஐந்தாவது இடம் உயர்வகுப்பு மாணவரையும் வீழ்த்துவது. ‘தி பண்டில் ஆஃப் புக்ஸ் இஸ் ஹெவி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆர் ஹெவி’ என்று எழுதிவிடுகின்றனர். தமிழில் ‘புத்தகங்களின் கட்டு கனக்கிறது’ என்கிறோம். அடைமொழி முன்னே வந்து, எழுவாயாகிய ‘கட்டு’ வினைக்கு அருகில் நிற்கிறது. ஆகவே வினைக்கு முன்னால் உள்ள பெயரைப் பார்ப்பது தமிழில் பெரும்பாலும் பிழையாவதில்லை. ஆங்கிலம் இதற்கு நேர்மாறானது. எழுவாய் முன்னே போய்விட, அடைமொழி இடையில் புகுந்து வினைக்கு அருகில் நிற்கிறது. அருகில் நிற்பவரை உரியவர் என்று எண்ணிவிடுவதால் பிழை வருகிறது. இதற்கு நான் கண்ட வழி எளியது. நீண்ட ஆங்கில எழுவாய்த் தொடரைத் தமிழாக்கிப் பார். தமிழில் கடைசியாக வரும் பெயர் எதுவோ, அதற்கு ஏற்ற வினையை ஆங்கிலத்தில் எழுது. ‘தி லீடர் ஆஃப் தி பாய்ஸ்’ என்பது ‘சிறுவர்களின் தலைவன்’ ஆகும், தலைவன் ஒருவனே, எனவே ‘கம்ஸ்’. மொழிபெயர்ப்பு இங்கே இலக்கணக் கருவியாகிறது.

இத்துணை இடர்களையும் சொன்னபின், இயைபினால் விளையும் நன்மை ஒன்றையும் மாணாக்கருக்குக் காட்டுதல் வேண்டும். இல்லாவிடில், பொருளுக்கு உதவாத ஓரெழுத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். நம் இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என ஒன்று உண்டு. ‘மரம் வளர்ந்தது’, ‘மரம் வளர்ந்தன’, பெயர் ஒன்றே, ஒன்றா பலவா என்பதை வினையே சொல்கிறது. ஆங்கிலத்தில் ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்பதும் இத்தகையதே. ‘தி ஷீப் ஈட்ஸ்’ என்றால் ஆடு ஒன்று; ‘தி ஷீப் ஈட்’ என்றால் ஆடுகள் பல. அங்கே அந்த ஓரெழுத்து தான் எண்ணைச் சொல்கிறது. பயனற்றது என்று நாம் எண்ணிய எழுத்து பொருளைத் தாங்கி நிற்கும் இடம் இது. இதனைப் பலகையில் எழுதி, எத்தனை ஆடுகள் என்று கேட்டால், பின்வரிசைப் பிள்ளையும் கை தூக்குவதைக் கண்டிருக்கிறேன்.

இன்று இவ்வட்டாரத்தில் பால்மரக் காடுகள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. செம்பனைத் தோட்டங்கள் சிலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளிலிருந்து பள்ளிக்கு வருகின்றனர். அவர்கள் முன் பலவகை வேலைகள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் வாயிலில் ஆங்கிலம் நிற்கிறது. அவ்வாயிலைக் கடக்கத் தமிழைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அவர்களிடம் எவரும் சொல்லாதிருத்தல் வேண்டும். அவ்வாறு சொல்வோர்க்கு விடை கூறும் கடமை தமிழாசிரியராகிய நமக்கே உரியது. வெறும் பற்றினால் கூறும் விடை பெற்றோரிடம் நில்லாது. பிள்ளையின் ஏட்டில் திருந்திய ஒரு வரி நிற்கும்.

ஆகையால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரோடு மாதம் ஒருமுறையேனும் அமர்ந்து, ஒரே மாணவரின் இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே எழுவாய் எது, இங்கே எழுவாய் எது என்று கேளுங்கள். எழுவாய் பயனிலை இயைபைத் தமிழ் வகுப்பில் நடத்தும் நாளில், பலகையின் ஓர் ஓரத்தில் அந்த இரண்டே ஆங்கில வடிவங்களுக்கும் இடம் கொடுங்கள். தமிழ்ப் பாடநேரம் அதனால் குறைந்துவிடாது. தன் தாய்மொழியின் இலக்கணம் எதற்குப் பயன்படும் என்று மாணவர் கேட்கும் கேள்விக்கு அன்றைய பாடமே விடையாகும்.